கேபிள் இல்லாத பதினேழாம் போர்ட்

நம்பாவிட்டால் போங்கள். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவள் நான். என் மேலேயே எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் இது நடந்தது. இதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

மாலை வகுப்பின் செய்முறைத் தேர்வு அன்று. எங்கள் முன்னால் ஒரு நெட்வொர்க் சுவிட்ச், அதாவது பல கணினிகளின் கேபிள்கள் வந்து சேரும் பெட்டி. அதில் கேபிள் செருகும் ஒவ்வொரு போர்ட்டிலும் இவ்வளவு தரவுதான் போகலாம் என்று வரம்பு வைக்க வேண்டும். மீறினால் கைப்பேசிக்கு எச்சரிக்கை வர வேண்டும். தேறாவிட்டால் என் படிப்பு அவ்வளவுதான். "இதுலயும் கோட்டை விட்டா, பேசாம மாமா கடைக்குப் போயிடு" என்று அப்பா சொல்லியிருந்தார்.

கேபிள் இல்லாத போர்ட்டுகளுக்கு எல்லாரும் நூறு சதவீதம் என்று போட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். நான் பூஜ்யம் வைத்தேன். காலி போர்ட்டில் தரவுக்கு என்ன வேலை? ஒரு துளி வந்தாலும் தெரியட்டும்.

7:52. டிங்.

"போர்ட் 17: வரம்பு மீறல்."

குனிந்து பார்த்தேன். பதினேழில் கேபிள் இல்லை. நான்தான் தப்பாகத் தட்டியிருப்பேன். அழித்துவிட்டு மறுபடி வைத்தேன்.

டிங்.

தேர்வு நடத்திய சார் வந்தார். திரையைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"நூறு வைம்மா. சத்தம் நின்னுடும்."

"காலியா இருக்கே சார். எங்கிருந்து வருது?"

"உனக்கு பாஸ் வேணுமா, பதில் வேணுமா?"

"ரெண்டும் வேணும் சார்."

பக்கத்து மேசைக்காரன் களுக்கென்று சிரித்தான். சார் சுவிட்சின் மின்கம்பியைப் பிடுங்கினார்.

அதன் விசிறி நின்றது. விளக்குகள் அணைந்தன...

பதினேழின் பச்சை விளக்கைத் தவிர.

டிங்.

டிங்... டிங்...

சிரித்தவன் அறையை விட்டு ஓடியிருந்தான்.

"மாத்த மாட்டேன்" என்றேன்.

யாரிடம் சொன்னேன்?

விளக்கு மெல்ல அணைந்தது.

'பொய் எச்சரிக்கை, தேர்ச்சி இல்லை' என்று சார் எழுதினார். நான் விடவில்லை. மறுபரிசீலனை கேட்டேன். வெளியிலிருந்து வந்த பொறியாளர் என் அமைப்பைச் சோதித்து, சரி என்றார். தேறிவிட்டேன்.

"எச்சரிக்கை ஏன் வந்துச்சு?" என்று கேட்டேன்.

அவர் சுவிட்ச் பெட்டியைத் திறந்து காட்டினார். பதினேழுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. சில்லு இல்லை, கம்பி இல்லை, விளக்குகூட இல்லை.

"எல்லாம் கருகிப் போச்சு. நான்தான் வெட்டி எடுத்தேன். இதைத் திறந்து பாத்த பொண்ணுக்கு ஷாக் அடிச்சிடுச்சு. முன்னாடி நடந்த ஒரு பரீட்சை அன்னைக்கு."

"கரண்டை நிறுத்தலையா?"

"நிறுத்தியாச்சுன்னு உங்க சார் சொன்னாராம். அதை நம்பித்தான் கை வச்சா. பிழைக்கல."