மீரான் பாயும் உடையாத சஹனும்

வெயிலுக்கே பேர்போன டெக்சாஸில் பனி கொட்டி, கரண்டு போய், ஊரெல்லாம் குழாய் வெடித்து, கக்கூஸுக்கு ஊற்ற என் மகன் வாசலில் கிடந்த பனியை வாளியில் அள்ளி வந்தானே, அந்த வருஷம். ஜனங்கள் இன்னும் கொரோனாவுக்குப் பயந்து மூக்கை மூடிக்கொண்டுதான் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வெயில் திரும்பியதும் ஆஸ்டின் பக்கத்து ரவுண்ட் ராக் மீரான் பாய், வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற வீடு ஒன்றைப் பழையதாக வாங்கினார். டிரெய்லர் என்பார்கள். உள்ளே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உண்டு.

போன வாரம் அவர் மகன் போன் செய்து, "அங்கிள், வாப்பா மவுத்தாயிட்டாங்க" என்றான். நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. "வண்டி எங்கப்பா நிக்குது?" என்று கேட்டுவிட்டேன். அவன், "கடைக்குப் பின்னாடிதான் அங்கிள்" என்று சொல்லிவிட்டு அழுதான். நானும் அழுதேன். பாயைத் தெரிந்தவர்களுக்கு நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்பது புரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். 'இது வேண்டாம் மாமா' என்று அவள் சொன்ன இடங்களையும் போடச் சொல்லியிருக்கிறேன்.

பாய்க்குச் சொந்த ஊர் கீழக்கரை. இங்கே மளிகைக் கடை வைத்து, நன்றாக நடத்தி, மகன் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க முடியாமல் இருந்தார். நான் சாத்தூரில் பெட்டிக்கடை வைத்திருந்தவன். மகனோடு இங்கே வந்த புதிதில் அவர் கடையில் கத்தரிக்காயைக் காம்போடு திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எந்த ஊர்ல கடை வச்சிருந்தீங்க அண்ணாச்சி?" என்றார். பெயரைக் கேட்கவில்லை. அன்றிலிருந்து பழக்கம்.

டிரெய்லர் வாங்கியது ஆடம்பரத்துக்கு இல்லை; அவர் மனைவி பாயம்மாவுக்காக. அவருக்குச் சர்க்கரை. அடிக்கடி ஒதுங்க வேண்டும். பெட்ரோல் பங்கு கக்கூஸில் கால் வைக்க மாட்டேன் என்று வைராக்கியம். அதனால் பல வருஷமாக ஆஸ்டினைத் தாண்டி எங்கும் போனதில்லை. கடலைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் அவர் ஆசை. கார்பஸ் கிறிஸ்டி பக்கம் கடற்கரை இருக்கிறது, நாலு மணி நேரப் பயணம். சொந்தக் கக்கூஸைக் கூடவே இழுத்துக்கொண்டு போனால் பிரச்சினை தீர்ந்தது என்று பாய் கணக்குப் போட்டார்.

முதல் பயணம் பாதி வழியோடு முடிந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தி டிரெய்லர் கதவைத் திறந்தால், மேல் அலமாரி, கீழ் அலமாரி எல்லாம் தரையில். பருப்பும் மிளகாய்த்தூளும் கலந்து கிடக்க, நடுவில் சஹன் மூன்று துண்டாக இருந்தது. சஹன் என்பது அவர்கள் வீட்டு விசேஷங்களில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தட்டு. இது பீங்கான், பாயம்மாவின் உம்மா கொடுத்த ஜோடியில் ஒன்று. கப்பலில், விமானத்தில் எல்லாம் உடையாமல் வந்த தட்டு. பாயம்மா சத்தம் போடவில்லை. "வண்டியத் திருப்புங்க" என்றார். வீடு வந்ததும், இன்னொரு சஹன் முழுசாகக் கடலுக்குப் போகும் என்றால்தான் தானும் வருவேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வண்டிக்கு அடியில் பார்த்தால் விஷயம் தெரிந்தது. குலுக்கலைத் தாங்குகிற கமான் பட்டைகள் படுத்துப் போயிருந்தன. பட்டை மாட்டுகிற ஆணிகளைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் குழல்கள் தேய்ந்து காணாமலே போய்விட்டன. ஓட்டைகள் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தன. மெக்கானிக்கிடம் கொடுக்கலாம் என்றேன். பாய் கேட்கவில்லை. "காசு குடுத்தா எவனும் செய்வான் அண்ணாச்சி. கெடுத்துட்டுச் செய்யறதுக்குத்தான் நாம இருக்கோம்" என்றார். சொன்னபடியே செய்தார்.

வீட்டு வாசலில் நிறுத்தினால் எச்ஓஏ என்கிற குடியிருப்புச் சங்கம் விடாது என்பதால் கடைக்குப் பின்னால் நிறுத்தி வேலை தொடங்கியது. பாய் கேப்டன். போனில் வீடியோ பார்த்து, அதில் வருகிற தாடிக்காரன் சொல்வதைத்தான் வேதவாக்காக எடுத்துக்கொள்வார். "இவ்வளவு தாடி வச்சிருக்கறவன் பொய் சொல்ல மாட்டான்." எனக்கு டார்ச் பிடிக்கிற வேலை. மூன்றாவது ஆள் சேஷாத்ரி சார். பாலம் கட்டுகிற என்ஜினீயராக இருந்து ரிட்டயர் ஆனவர்; மகள் வீட்டோடு இருந்தார். காபிப்பொடி வாங்க வந்தவர், வண்டிக்கடியில் எங்கள் கால்களைப் பார்த்துவிட்டுக் குனிந்தார். அதற்குப் பிறகு நிமிரவே இல்லை.

பாய்க்கு நம்மூர் லாரிதான் கணக்கு. பட்டை அதிகமானால் வண்டி கெட்டி என்று நினைத்து, இருந்ததைவிடத் தடித்த, அடுக்கு அதிகமான கமானை வரவழைத்தார். சேஷாத்ரி சார் எடை போட்டுப் பார்த்து வாங்கலாம் என்றதற்கு, "எடை போட்டு வாங்க இது கத்தரிக்காயா சார்?" என்றார். மாட்டி முடித்ததும் நாலு நட்டு மிச்சமாக இருந்தது. "நட்டு மிச்சமானா வண்டி இளைச்சிருக்குன்னு அர்த்தம்" என்றார். சார் அந்த நட்டுகளுக்கு இடம் தேடி அன்றைக்கெல்லாம் வண்டிக்கடியிலேயே கிடந்தார்.

சோதனைக்காக அலமாரியில் காலி ஹார்லிக்ஸ் பாட்டில்களை அடுக்கி ஒரு சுற்று ஓட்டினோம். முன்பு விழுந்தவை இப்போது பறந்தன. லோடு லாரிக்கு ஆகிற கமான், காலி வண்டியில் வளையவே இல்லை. அப்போது பாய்க்கு ஒரு யோசனை வந்தது. இதை மளிகைக் கடைக்காரரைத் தவிர உலகத்தில் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். கமான் வளையாவிட்டால் சுமை ஏற்று. கடையிலிருந்து பொன்னி அரிசி மூட்டைகளைக் கொண்டுவந்து டிரெய்லருக்குள் அடுக்கினார். கட்டிலுக்கடியில் இடம் இருந்ததால் எல்லாம் வால் பக்கம். பாட்டில்கள் ஆடவில்லை. ஆனால் பின்னால் காரில் வந்த சேஷாத்ரி சார் ஹாரனை விடாமல் அடித்தார்; டிரெய்லர் வாலை ஆட்டிக்கொண்டு போகிறதாம். மூட்டைகளை முன்பக்கம் மாற்றினோம். இப்போது இழுக்கிற வண்டி பின்னால் குந்தி, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. அந்த நேரம் பார்த்துப் பாயம்மா கடைக்கு வந்தார். எட்டிப் பார்த்தார். "கடலுக்குப் போறோமா, அரிசி மண்டிக்குப் போறோமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்று சாயங்காலம்தான் பாய் சேஷாத்ரி சாரிடம், "சரி சார், எடை போடுவோம்" என்றார்.

லாரிகளை நிறுக்கிற மேடையில் நிறுத்தி, வண்டியின் எடைக்கு ஏற்ற கமானை வாங்கினார்கள். பிளாஸ்டிக்குக்குப் பதில் வெண்கலக் குழல், உள்ளே கிரீஸ் போக வழி உள்ள ஆணி, இரண்டு கமானுக்கும் நடுவே ரப்பர் வைத்த துண்டு, சக்கரத்துக்கு ஒன்றாக ஷாக் அப்சார்பர். எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டினோம். வண்டியைத் தரையில் இறக்க வேண்டியதுதான் பாக்கி. அன்று வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்கு முன் இறக்கிவிட வேண்டும் என்று பாய் ஜாக்கில் கை வைத்தார். சேஷாத்ரி சார் கையைப் பிடித்துக்கொண்டார். ராகு காலம். அதுவும் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருப்பதால் ராகு காலமும் தள்ளிப் போகும், ஜும்மா நேரம் வரை இறக்கக் கூடாது என்றார்.

"ராகுவுக்கு கிரீன் கார்டு யார் சார் குடுத்தது?"

"ஃபேமிலி கோட்டால வந்துட்டார் பாய்."

பாய் சிரித்துவிட்டுக் கை கழுவப் போனார். ராகு முடியும் வரை சார் காத்திருக்க, தொழுகை முடியும் வரை நாங்கள் இருவரும் காத்திருக்க, வண்டி பாட்டுக்கு ஸ்டாண்டில் நின்றது. பாய் திரும்பி வந்ததும் சார் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார். பாய், "நம்ம கடைப் பழம்தானே?" என்று மட்டும் கேட்டார்.

நாங்கள் நாலு பேரும் கிளம்பினோம். பாயம்மா முன் சீட்டில். பாய் வழி நெடுகக் கண்ணாடியில் டிரெய்லரையே பார்த்து ஓட்டினார். பாயம்மா சொன்ன இடத்திலெல்லாம் நிறுத்தினார். கடற்கரையில் இறங்கியதும், பாய் சாரையும் என்னையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அலமாரியைத் திறந்தார். பாட்டில்கள் வைத்தது வைத்தபடி இருந்தன. சஹன் இல்லை. பாயின் முகம் விழுந்துவிட்டது. பாயம்மா முன் சீட்டிலிருந்து துண்டில் சுற்றிய மூட்டையோடு இறங்கினார்.

"மடியிலதான் வச்சிருந்தேன்."

"அப்ப நாங்க மூணு பேரும் வண்டிக்கு அடியில கிடந்தது எதுக்கு?"

"மடி ஆடலையே. வண்டி நல்லாத்தான் இருக்கு."

அந்த மடி இருந்தது டிரெய்லரில் இல்லை, இழுக்கிற வண்டியில் என்று சேஷாத்ரி சார் விளக்க ஆரம்பித்தார். பாய் அவர் காலை மிதித்தார்.

பாயம்மா கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு முட்டியளவு தண்ணீரில் நின்றார். நாங்கள் கூப்பிடவில்லை. வந்த பிறகு அந்தச் சஹனில் சாப்பாடு வைத்தார். சாருக்காகக் கறி சமைக்கவில்லை. எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு. ஒரே தட்டில் எல்லாரும் கை வைத்துச் சாப்பிட்டு சாருக்குப் பழக்கமில்லை. கொஞ்சம் தயங்கினார். பிறகு தன் பக்கம் விரலால் ஒரு கோடு போட்டுக்கொண்டு சாப்பிட்டார். பாதியில் பார்த்தால் கோடு எங்கள் பக்கம் நகர்ந்திருந்தது.

திரும்பும்போது பாயம்மா சஹனைக் கழுவித் துடைத்தார். எங்களைப் பார்க்காமல் டிரெய்லருக்குள் போய் அலமாரியில் வைத்து மூடினார். ரவுண்ட் ராக் வரும் வரை பாய் மேடு பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினார். கடைக்குப் பின்னால் நிறுத்திய பிறகும் அலமாரியைத் திறக்க எங்களில் யாருக்கும் தைரியம் இல்லை. பாயம்மாதான் திறந்தார். சஹன் முழுசாக இருந்தது. பாய் வெளியே போய்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் போனோம். கிளம்புமுன் ஒவ்வொரு ஆணியிலும் பாய் கிரீஸ் அடிப்பார், நான் டார்ச் பிடிப்பேன். போன வருஷம் சேஷாத்ரி சார் போனார். இப்போது பாய்.

பாயம்மா இத்தாவில் இருக்கிறார். கணவர் போன பிறகு வெளியாட்களைப் பார்க்காமல் வீட்டோடு இருக்கிற காலம். அதனால் நேரில் போய் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. நேற்று போன் வந்தது.

"அண்ணாச்சி, ஜொஹரா பேசுறேன்."

"எந்த ஜொஹரா?" என்றேன். இத்தனை வருஷமும் எனக்கு அவர் பாயம்மாதான். பாயும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"சஹன் ஜொஹரா" என்றார். பிறகு, மகன் வண்டியை விற்கச் சொல்கிறான், கூடாது என்று சொல்லிவிட்டேன் என்றார். "இத்தா முடிஞ்சதும் கடலுக்குப் போகணும். கிரீஸ் அடிச்சு வைங்க. எங்கெங்க அடிக்கணும்னு உங்களுக்குத்தான் தெரியும்."

மகனிடம் கிரீஸ் துப்பாக்கியைக் கொடுத்து அனுப்பியிருந்தார். பாயின் கைப்பிடி பட்டுப் பளபளத்த சாமான். பாயிடமிருந்து எனக்கென்று இருப்பது இதுதான். இன்று காலை டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நானே வண்டிக்கடியில் படுத்து அடித்துவிட்டு வந்தேன். கடலுக்குப் போன அந்த முதல் பயணத்தில் இருந்தவர்களில், சொல்லிக்கொண்டிருக்கிற என்னைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், இன்னும் இருப்பது ஒரே ஆள்தான்: ஜொஹரா பீவி.