சட்டைக்கு ஒரு பத்தி

அந்த ஓட்டலில் தங்கிப் போனவர்களில் ஒருவருக்கும் அவளைத் தெரியாது. அவள் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு வியாபாரம் பேசப் போனார்கள், நீதிமன்றத்துக்குப் போனார்கள், காதலியைச் சமாதானப்படுத்தப் போனார்கள். அவளோ கீழ்த்தளத்தில், ஆவி கக்கும் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடி ஆண்டுக்கணக்கில் நின்றாள். நின்றபடியே கதை எழுதினாள்.

எழுதினாள் என்று சொல்வதுகூடத் தப்பு. இஸ்திரி அறைக்குள் பேனா கொண்டுபோகக் கூடாது என்பது அங்கே சட்டம். ஒரு சொட்டு மை போதும், வெள்ளை விரிப்பு பாழ். அதனால் எல்லாம் தலைக்குள்தான். காலரில் தொடங்குவாள். தோள்பட்டை, கை, முன்பக்கம், முதுகு என்று முடித்துச் சட்டையை மாட்டியில் தொங்கவிடும்போது ஒரு பத்தி முடிந்திருக்கும். அடுத்த சட்டையை விரித்ததும் கதையை முதலிலிருந்து ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பாள், அப்புறம்தான் புதுப் பத்தி. கதை முழுசாக முடிந்தால்தான் காகிதத்தைத் தொடுவாள். பாதியில் எழுதினால் மீதி ஓடிவிடும் என்று ஒரு நம்பிக்கை. நம்பிக்கை என்ன, பயம்தான்.

பல்கலைக்கழகத்தில் படைப்பெழுத்து முதுகலை படிக்கும் புது எழுத்தாளர்களுக்கு உதவித்தொகை தருகிறார்கள் என்ற அறிவிப்பைப் பார்த்துவந்து சொன்னவர் அவள் கணவர். வேன் ஓட்டுகிறவர். அவள் கதைகளில் ஒன்றைக்கூட முழுசாகப் படித்ததில்லை. ஆனால் உலகத்திலேயே பெரிய எழுத்தாளர் தன் வீட்டில்தான் இருக்கிறார் என்பதில் மனிதருக்குச் சந்தேகமே கிடையாது.

"கிடைச்சா படி. கிடைக்கலைன்னா பெட்டியைப் பிடி. நமக்கு என்ன குறைஞ்சுபோச்சு?" என்றார்.

கிடைத்துவிட்டது. கூடவே ஒரு நிபந்தனை: படிக்கிற காலத்தில் கூலிக்கு எந்த வேலையும் செய்யக் கூடாது. எழுதுவதற்கென்றே கொடுக்கிற நேரம், அதை வேறு எங்கும் விற்கக் கூடாதாம். நியாயம்தானே. அவள் ஓட்டல் வேலையை விட்டாள். துறையில் அவளுக்கென்று ஒரு மேசை, ஒரு ஜன்னல், காது அடைக்கிற அமைதி. அந்த மேசை முன்னால் உட்கார்ந்தாளா, கொட்டாவி வந்தது. கதை வரவில்லை.

ஒரு மாதம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. பருவ முடிவில் புதுப் படைப்பு காட்டாவிட்டால் உதவித்தொகை காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். அந்த அடுத்தவன் அவள் வகுப்பிலேயே இருந்தான். பெட்ரோல் பங்கில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவன், வகுப்பில் பாதி நேரம் கண் சொக்கி விழுகிறவன். அவனை எல்லோரும் பங்க் தம்பி என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஒருநாள் காலையில் மகளின் பள்ளிச் சீருடையைத் தேய்த்தாள். காலர் முடிவதற்குள் ஒரு வரி வந்து நின்றது. கணவரின் சட்டைகளைத் தேய்த்தாள், தலையணை உறைகளைத் தேய்த்தாள், திரைச்சீலையைக் கழற்றித் தேய்த்தாள்.

"அம்மா, என் சாக்ஸையாவது விட்டுவையேன்" என்றாள் மகள்.

வீட்டில் துணி தீர்ந்தது. வெட்கத்தை விட்டு வகுப்பில் கேட்டாள். யாருக்குத்தான் கசக்கும்? மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து குவித்தார்கள். துறையின் பின்னறையில் பழைய மேசையில் போர்வையை விரித்து நின்றுவிட்டாள். காசு வாங்கவில்லை. யாரோ கொடுத்த பிஸ்கட் பொட்டலத்தைக்கூடத் திருப்பிக் கொடுத்தாள். இஸ்திரி அக்கா என்று பெயர் வந்தது. அதைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. கதை நகர்ந்துகொண்டிருந்தது, அது போதும்.

அப்போதுதான் புகார் போனது. உதவித்தொகை வாங்கிக்கொண்டே சலவைக்கடை நடத்துகிறார் என்று. கொடுத்தவன் பங்க் தம்பி. அவனைத் திட்டவும் மனம் வரவில்லை. கட்டணம் கட்ட முடியாமல் தவிக்கிறவன் வேறென்ன செய்வான்? ஆனால் புகார் கொடுக்கப் போன அன்று அவன் போட்டிருந்த சட்டையும் அவள் தேய்த்ததுதான். விஷயம் பரவியதும் ஆளாளுக்குத் துணியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மேசை வெறிச்சோடியது.

துறைத்தலைவி இருவரையும் அறைக்கு அழைத்தார். கண்டிப்பானவர், ஆனால் காது கொடுத்துக் கேட்பவர்.

"நீங்க காசு வாங்கலைன்னு எல்லாரும் சொல்றாங்க, நம்புறேன். ஆனா எழுதினது எங்கே?"

"தலையில இருக்கு மேடம்."

பங்க் தம்பி சிரித்துவிட்டான். துறைத்தலைவி சிரிக்கவில்லை.

"சரி, சொல்லுங்க."

அவள் எழுந்து நின்றாள். உட்கார்ந்தால் வராது. வலது கை தானாக மேசைமேல் மெல்ல நகர, சொல்லத் தொடங்கினாள். ஓட்டலில் ஒருவர் தனியாகத் தங்கியிருக்கிறார். அவர் அறையிலிருந்து வாராவாரம் தேய்க்க ஒரு பெண்ணின் சேலை வருகிறது. அந்தப் பெண்ணை யாரும் பார்த்ததில்லை. சேலையில் வியர்வை இல்லை, கட்டிய மடிப்பு இல்லை. யாருமே கட்டாத சேலையை எதற்காக வாராவாரம் தேய்க்கப் போடுகிறார்? தேய்க்கிறவளுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் சேலையைத் தானே எடுத்துக்கொண்டு மேலே போகிறாள்.

ஒரு சொல் தடுமாறவில்லை, ஒரு வரி முன்பின் ஆகவில்லை. வெளியே மணி அடித்து வகுப்புகள் கலைந்தன. அந்த அறையில் ஒருவரும் அசையவில்லை. அச்சில் போட வேண்டியதை இந்த மனுஷி இத்தனை நாளும் வெறும் தலையில் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள்!

சேலையோடு போனவள் கதவைத் தட்டுகிறாள். கதவு திறக்கிறது.

அவள் நிறுத்திவிட்டாள்.

"அப்புறம் என்ன ஆச்சு?" கேட்டவன் பங்க் தம்பி. நாற்காலி நுனிக்கு வந்திருந்தான்.

"தெரியலை தம்பி. அதோட நிக்குது. இப்ப யாரும் துணி கொடுக்கிறதில்லையே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். உதவித்தொகை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும்.

"மேடம், அந்தப் புகாரைக் கிழிச்சுடுங்க" என்றான். பிறகு அவள் பக்கம் திரும்பி, "ரூம்ல எனக்கு ஒரு மூட்டை கிடக்குது அக்கா. துவைச்சு நாளைக்கே கொண்டுவரேன்" என்றான்.