அண்ணன் கையில் கறுக்காத எடைக்கற்கள்

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். கோர்வையாக எழுத வராது, பாதி மறந்தும் போகிறது. அண்ணனின் வருஷ நினைவுக்கு அத்தைதான் எழுத வேண்டும் என்று அவர் பெண் பிடிவாதம் பிடித்ததால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் கொச்சி மட்டாஞ்சேரியில்தான். அப்பா காலமானபோது அவர் ஆறாம் வகுப்பு. மறு மாசமே மிளகு மூட்டை சுமக்கப் போனார். பிறகு மிளகு, ஏலம் என்று மலஞ்சரக்கு விற்கிற ஒரு கோடவுனில் தராசு பிடிக்கிற வேலை கிடைத்தது. பெரிய மூட்டைக்கு இரும்புக் கல், ஏலம், கிராம்பு, ஜாதிபத்திரிக்குப் பித்தளைக் கல். அந்தப் பித்தளைக் கற்கள் அண்ணன் பொறுப்பு.

நம் ஊர் உப்புக்காற்றில் பித்தளை ஒரு வாரம் தாங்காது, கறுத்துவிடும். அண்ணனின் கற்கள் மட்டும் மழைக்காலத்திலும் மின்னும். வெறும் விரலால் தொடமாட்டார், வியர்வை பட்ட இடம் கறுக்கும் என்பார். வேலை முடிந்ததும் பழைய மல்வேட்டித் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, மரப்பெட்டிக்குள் ஈரம் இழுக்க சாக்பீஸ் துண்டு போட்டு மூடுவார். துடைக்கலாம், தேய்க்கக் கூடாது. அதுதான் அவர் கணக்கு.

சரஸ்வதி பூஜைக்கு மட்டும் கற்கள் எங்கள் வீட்டுக்கு வந்து, பூஜை முடிந்து திரும்பும். எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம், பெட்டியை வைத்துவிட்டு அண்ணன் பூ வாங்கப் போனார். எனக்குக் கல்யாணமாகாத காலம். அவர் சந்தோஷப்படட்டும் என்று செங்கல்பொடியும் புளியும் போட்டு எல்லாக் கல்லையும் தேய்த்தேன்.

"பாருங்கண்ணே, தங்கமா ஆக்கிட்டேன்!"

அண்ணன் ஒரு கல்லைத் திருப்பிப் பார்த்தார். அரசாங்க முத்திரை இருந்த இடம் மழமழவென்று இருந்தது.

"எதை வச்சும்மா தேய்ச்ச?"

"செங்கப்பொடி..."

"இவ கையில குடுத்தா சட்டியே ஓட்டையாகும்னு நான் சொல்லல?" என்றார் அண்ணி.

அண்ணன் கல்லைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு, "சரிம்மா, ஒரு சாயா போடு" என்றார் என்னிடம். அவ்வளவுதான்.

முத்திரை தேய்ந்த கல் எடை குறைந்த கல். தராசுக்காரன் வேண்டுமென்றே சுரண்டினான் என்றுதான் ஊர் சொல்லும். ஆனாலும் பூஜை முடிந்ததும் அண்ணன், ஒரு ஏலக்காய்கூட நிறுக்காமல், பெட்டியை நேரே முதலாளி முன்னால் திறந்து வைத்தார். அங்கே மூட்டை சுமந்த அண்ணியின் தம்பி பக்கத்தில் நின்றிருந்தார், அவர் வந்து சொன்னதுதான் இது.

"எந்தாடோ இது? ஆரு செய்தது?"

"நான்தான் முதலாளி. பளபளப்புக்கு ஆசைப்பட்டுட்டேன்."

"இருபது வர்ஷம் கல்லு பிடிச்ச நீயா?"

அன்றே அண்ணனைத் தராசை விட்டு இறக்கி, சாக்குத் தைக்க உட்கார வைத்துவிட்டார்கள். "தங்கக்கல்லுக்காரன் வந்தாச்சு!" என்று கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

நான் போய் உண்மையைச் சொல்கிறேன் என்று அழுதேன். "உன் பேரு கோடவுனுக்குள்ள எதுக்கும்மா? நான் பாத்துக்கறேன்" என்றார். எனக்கும் நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சம். இருந்துவிட்டேன்.

புதுக் கல் முத்திரையோடு வந்தது, புது ஆளும் வந்தான். ஆனால் ஏலம் வாங்க வந்த வியாபாரிகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்களாம். "ஆ தமிழன் சேட்டன் தூக்கட்டே, எங்களுக்கு அது மதி." அந்தத் தமிழ் அண்ணன் நிறுத்தால் போதும் என்றார்களாம். சில மாசத்தில் முதலாளியே வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அதன்பின் எண்பதுகள் முடியும்வரை அந்தத் தராசு அண்ணன் கையை விட்டுப் போகவில்லை. என் கல்யாணம், எங்கள் தம்பியின் படிப்பு, தன் பிள்ளைகள் எல்லாம் அந்தக் கையால்தான் நடந்தது.

கடைசி நாட்களில் அண்ணனைத் தூக்கி உட்கார வைத்து, கஞ்சி ஊட்டிய அவர் மருமகனுக்கும், மருந்து வாங்க எர்ணாகுளத்துக்கு ஓடிய பக்கத்து வீட்டுச் சேட்டனுக்கும், மழையில் நனைந்து வந்து நின்ற எல்லோருக்கும் கைகூப்புகிறேன்.

அண்ணன் மறுபடி தராசுக்கு வந்தது சித்திரை விஷுவுக்கு முன்பா பின்பா, சாக்குத் தைத்தது எத்தனை மாசம் என்று எனக்கு நிச்சயமில்லை. தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். கல்லைத் தேய்த்தவள் நான் என்பதை மட்டும் திருத்த வேண்டாம்.