சித்தி வெளுத்த விரிப்புகள்

சித்தி யாரையும் முகத்தைப் பார்த்து எடைபோட மாட்டாள். அவர்கள் படுத்து எழுந்த விரிப்பைப் பார்ப்பாள்.

"மூணாம் ரூம்ல புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்டை. ஆளுக்கொரு ஓரமா படுத்திருக்காங்க, நடுவுல ஒரு சுருக்கம்கூட இல்ல பாரு."

"கட்டிலுக்கடியில நீ ஒளிஞ்சிருந்தியா சித்தி?"

"போடி குரங்கே."

கடலோரத்தில் எட்டே அறை உள்ள சின்ன ஓட்டல் அது. இயற்கைக்குக் கெடுதல் செய்யாத ஓட்டல் என்று வாசலில் பச்சை இலை போட்ட பலகை தொங்கும். ஏசி இல்லை, பிளாஸ்டிக் பாட்டில் இல்லை. அலை ஒதுக்கிய கட்டைத் துண்டில்தான் அறைச் சாவியைக் கோத்திருப்பார்கள். விருந்தாளி துண்டைக் கொடியில் போட்டால் துவைக்கக் கூடாது, தரையில் போட்டால் துவைக்கலாம். அறைகளைப் பெருக்குவது, துவைப்பது, விரிப்பது எல்லாம் சித்தி. சலவை அறைக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறைதான் எங்கள் வீடு. அம்மா வெளியூர் வேலைக்குப் போனதும் நான் சித்தியோடு ஒட்டிக்கொண்டேன். பத்தாவதில் கணக்குப் பாடம் என்னை இரண்டு முறை கைவிட்டுவிட்டது.

யார் புதிதாக வந்தாலும் முதலாளியம்மா கையோடு பின்பக்கம் கூட்டிப்போவார். அங்கே ஜல்லி நிரப்பிய நீளப் பள்ளம், அதில் ஆள் உயரத்துக்குக் கோரை. குளித்த தண்ணீரும் துவைத்த தண்ணீரும் அதற்குள் ஓடி, மறுமுனையில் தெளிந்து தோட்டத்துக்குப் போகும். "எப்பேர்ப்பட்ட அழுக்குத் தண்ணி வந்தாலும் இந்தக் கோரை சுத்தமாக்கிக் குடுத்துடும்" என்று கையை விரித்துச் சொல்வார். அதே குரலில், அதே கைவிரிப்போடு நான் நடித்துக் காட்டினால் சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார். சித்தி மட்டும் சிரிக்க மாட்டாள்.

"எவ்ளோ பெரிய விஷயம் அது. கிண்டல் பண்ணாத."

அவள் அதை நிஜமாகவே நம்பினாள்.

இங்கே வருவதற்கு முன் சித்தி ஒரு பெரிய ஓட்டலில் ஒன்பது வருஷம் இருந்தவள். அங்கே விரிப்பெல்லாம் கண் கூசும் வெள்ளை. இங்கே வினிகர், சமையல் சோடா, வெயில், இவ்வளவுதான் அனுமதி. கடல் ஈரத்தில் துணியில் பொட்டுப் பொட்டாகப் பழுப்பு விழும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஒருநாள் விருந்தாளி ஒருத்தர் கருத்துப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார்: "இடம் அழகு. விரிப்பில்தான் கறை. யாரோ படுத்த படுக்கையில் படுத்தது போல இருந்தது."

முதலாளியம்மா அதை எல்லோர் முன்னாலும் வாசித்தார். "இன்னொரு தடவை இப்படி வந்தா நான் வேற ஆளத்தான் பாக்கணும்."

வேலை போனால் அறையும் போகும். அன்றைக்குச் சித்திக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து விரிப்புகள் பளிச்சென்று வெளுத்தன. முதலாளியம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. 'வெயிலில் வெளுத்தவை' என்று அட்டை அடித்துத் தலையணைக்குத் தலையணை வைத்தார். சித்தியின் விரல்களோ தோலுரிந்தன.

"என்ன சித்தி, கையெல்லாம் நீச்சல் குளம் மாதிரி நாறுது?"

"வினிகரு."

"வினிகர் இப்படி நாறாது."

"மோந்து பாக்கறத விட்டுட்டுப் படிக்கிற வேலையப் பாரு."

ஒரு மாதத்தில் கோரை மஞ்சளாகி, பிறகு வைக்கோலாகிச் சாய்ந்தது. பள்ளத்து ஓரமாகவே ஒரு நாற்றம் கிளம்பியது. பச்சை இலைப் பலகை இன்னும் தொங்கலாமா என்று பார்க்க வெள்ளிக்கிழமை ஆய்வு. புதன்கிழமை முதலாளியம்மா எங்களை வரிசையாக நிற்க வைத்தார். சமையல்காரர், தோட்டக்காரர், சித்தி, நான். அவர் கண் நேராக என்னிடம் வந்து நின்றது. நியாயம்தான். ஏழாம் அறைக் குழந்தை பார்க்க ஆசைப்பட்டதென்று அதே பள்ளத்தில் சோப்புத்தூளைக் கொட்டி முழங்கால் வரை நுரை எழுப்பியவள் நான்தானே.

"என்னத்தடி ஊத்தின?"

நான் சித்தியைப் பார்த்தேன். அவள் தரையில் கறை இருப்பது போலத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அது எனக்கு எங்கே வலித்தது என்று எழுதத் தெரியவில்லை.

"பிளீச்சிங் பவுடர்" என்றேன். "கோரைக்கும் கொஞ்சம் வெள்ளையடிக்கலாம்னு."

யாரும் சிரிக்கவில்லை.

"நாளைக்குக் காலைல இவ இங்க இருக்கக் கூடாது. எந்தச் சொந்தக்காரங்க வீட்டுக்காவது அனுப்பிடு" என்றார் சித்தியிடம்.

மறுநாள் விடிந்ததும் சித்தி என் பையை அடுக்கினாள். என் துணியைக்கூட ஓட்டல் விரிப்பு மாதிரி முனைக்கு முனை சேர்த்து மடித்தாள்.

"கணக்குப் புஸ்தகம் வைக்கட்டுமா?"

"வேணாம். அதையாவது இங்க விட்டுட்டுப் போறேன்."

அவள் கை நின்றது. "ஏன்டி அப்படிச் சொன்ன?"

"உன்ன அனுப்பினா ரெண்டு பேரும் தெருவுல. என்ன அனுப்பினா நான் மட்டும்தான். கணக்குல நான் அவ்ளோ மோசமில்ல சித்தி."

மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "கோரை எல்லாத்தையும் சுத்தமாக்கிடும்னுதான் நெனச்சேன். செத்துப்போகும்னு யாருமே சொல்லலையே" என்றாள். பிறகு சட்டென்று எழுந்து, கொடியிலிருந்து ஒரு வெள்ளை விரிப்பை உருவிக்கொண்டு ஆபீஸ் அறைக்கு நடந்தாள். பையும் கையுமாக நான் பின்னால் ஓடினேன்.

விரிப்பை மேஜைமேல் போட்டாள். "அவ இல்லம்மா, நான். இது வெயில்ல வெளுக்கல."

"நீயா? இத்தன வருஷம் வேலை பாத்தவளுக்கு இதுகூடத் தெரியாதா?"

"எப்பேர்ப்பட்ட தண்ணி வந்தாலும்னு நீங்கதானேம்மா தினமும் சொன்னீங்க."

முதலாளியம்மாவின் கை பாதி விரிந்தபடியே நின்றது. அதை மட்டும் நான் இதுவரை நடித்துக் காட்டியதில்லை.

வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு வந்த பெண் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு, "துவைக்கிறது யாரு?" என்று கேட்டார். சித்தி தன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டிவிட்டு, நடந்ததைச் சொன்னாள். கோரை மறுபடி வளரும்வரை பலகையைக் கழற்றச் சொல்லிவிட்டுப் போனார் அவர். முதலாளியம்மா எங்களைப் போகவும் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. என் பை பிரிக்காமலே கட்டிலுக்கடியில் கிடக்கிறது.

விரிப்பில் பழுப்புப் பொட்டு திரும்பிவிட்டது. பொட்டு கால்பக்கம் வரும்படி விரிக்கிறாள் சித்தி. கட்டையாக வெட்டிவிட்ட கோரைக்குப் பக்கத்தில் தினமும் காலையில் போய்க் குந்திப் பார்க்கிறாள். மூன்று வாரமாகியும் ஒரு பச்சை இல்லை.

நேற்று ஓடைக்கரையிலிருந்து ஒரு கோரையைப் பிடுங்கிவந்தேன். ஜல்லிக்குள் செருகி வைத்தால் அவள் ஒருநாளாவது நன்றாகச் சாப்பிடுவாள் என்று கணக்கு. செருகப் போகும்போது பின்னால் வந்து நின்றாள்.

"என்னடி கைல?"

"ஒண்ணுமில்ல."

வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். விரிப்பைப் பார்ப்பது போலவே பார்த்தாள்.

"கழுதை. வேரில்லாமப் புடுங்கினா எப்படிடிப் புடிக்கும்?"

தோட்டக்காரரிடம் மண்வெட்டி கேட்டு வாங்கிக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தாள். அவள் விரல் வெடிப்பெல்லாம் இன்னும் ஆறவில்லை. பாதி வழியில் மண்வெட்டியை என்னிடம் நீட்டினாள்.

"நீ தோண்டு. நான் வேரப் புடிச்சுக்கறேன்."