உளுந்து மேல் ஓடிய வண்டி

படூரில் அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவன் தலையில் டீசல் பிக்கப்பைக் கட்டியவனைத்தான் முதலில் உதைக்க வேண்டும். இந்தப் புது வண்டிகளில் புகை போகும் வழியில் ஒரு ஃபில்டர் இருக்கிறது. புகையில் வரும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்துவிட்டால் மீட்டர் பக்கத்தில் மஞ்சள் விளக்கு எரியும். அப்போது வண்டியை நிறுத்தாமல் நல்ல வேகத்தில் விரட்ட வேண்டும். சூடு ஏறி உள்ளே இருக்கும் கரி தானாக எரிந்துபோகும். கேன் இறக்க நான் ஓட்டுவதோ ஒரு கேட்டிலிருந்து அடுத்த கேட் வரைதான். எஞ்சின் சூடாவதற்குள் அடுத்த பிளாக் வந்துவிடும். கரி சேராமல் என்ன செய்யும்?

விளக்கு எரிந்தால் வேலையை அப்படியே போட்டுவிட்டு, கேளம்பாக்கம் நெரிசலைத் தாண்டி, திருப்போரூர் வழியாக மாமல்லபுரம் வரை ஒரே மிதி. மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். "சுகர் வந்தவங்க வாக்கிங் போற மாதிரி இதுக்கும் போவணும்போல கீது" என்பாள். கடற்கரைக்கு அத்தனை முறை போய், ஒருமுறைகூட இறங்கிக் கடலைப் பார்த்ததில்லை. நிறுத்தினால் எரிவது பாதியில் நின்றுவிடும். அடுத்த முறை விளக்கு இன்னும் சீக்கிரம் வரும்.

எப்படியும் சீக்கிரம்தான் வந்தது. முதலில் மாதம் ஒருமுறை, பிறகு வாராவாரம், அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். சர்வீஸ் சென்டரில் கேட்டால், நான் ஓட்டும் விதம் அப்படி என்றார்கள். "எரியறப்போ அடியில பயங்கர சூடா இருக்கும், காஞ்ச புல்லு மேல மட்டும் நிறுத்திடாதீங்க" என்றும் சொல்லி அனுப்பினார்கள். எரியும்போது வண்டிக்குள் ஒரு தீய்ந்த வாடை அடிக்கும். எனக்கு அது பழகிவிட்டது. வாடை வந்தால் வேலை நடக்கிறது என்று நிம்மதிகூட வரும். மனைவிக்குப் பழகவேயில்லை.

"இன்னாவோ அடியில உக்காந்துகினு எரியுதுங்க. எனக்கு இது நல்லதாப் படல" என்று முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வாள். நான் சிரிப்பேன்.

என் அண்ணன் திருப்போரூருக்கு உள்ளே தள்ளி, எங்கள் ஊரிலேயே பயிர் வைக்கிறார். பாகம் பிரித்ததும் என் பங்கைப் பிளாட் போடக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து அவர் என் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. என் மகளின் காதுகுத்துக்குக்கூட வரவில்லை. ஆனால் உளுந்து அறுத்ததும் அவரிடமிருந்து ஒரு போன் வரும். "வண்டிய எட்தாடா." அவ்வளவுதான் பேச்சு. செடியை ஏரிக்கரைத் தார்ச்சாலையில் பரப்பி, மேலே வண்டி ஓட்டித்தான் எங்கள் பக்கம் உளுந்து உதிர்ப்பார்கள். ஊரில் வண்டி வைத்திருப்பவன் கூப்பிட்டால் போக வேண்டும், மாட்டேன் என்றால் உறவு முடிந்தது. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் எனக்கு அண்ணனாக இருந்தார். அதை இழக்க எனக்குப் பயமாக இருந்தது.

போன வருடம் போன் வந்தபோது நாங்கள் பையனூர் தாண்டி ஓடிக்கொண்டிருந்தோம். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வண்டியைத் திருப்பி ஊருக்குள் போனபோது வாடை இன்னும் அடங்கவில்லை. சாலையில் செடி சருகாகக் காய்ந்து கிடந்தது. அண்ணி ஓரத்தில் நின்று கிளறிக்கொண்டிருந்தாள். நான் செடிக்கு முன்னாலேயே நிறுத்தி இறங்கினேன். எஞ்சினை அணைக்கவில்லை.

"ஒரு அரமணி போவட்டும்ணா. ஃபில்டர் எரிஞ்சுகினு கீது. அடியில செம சூடு."

அண்ணன் குனிந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. "எங்கடா எரியுது? வண்டி நல்லாத்தான நிக்குது. மானம் இருட்டிகினு வருது, நீ அரமணின்றே."

"சொன்னா கேளுண்ணா."

"பூமிய வித்தவனுக்கு உளுந்து மேல ஓட்டவும் நோவுதா? முடியலன்னா போ. இனிமே கூப்புடல."

மனைவி என் சட்டையைப் பிடித்து, "வேணாங்க" என்றாள். நான் அவளை இறங்கி நிற்கச் சொல்லிவிட்டு ஏறினேன்.

இரண்டு மூன்று முறை போய் வந்தேன். சக்கரத்தின் கீழே காய்கள் நொறுங்கும் சத்தம் நன்றாகத்தான் கேட்டது. தீய்ந்த வாடை அடித்தது. வழக்கமான வாடைதானே என்று நினைத்துக்கொண்டேன். அண்ணி கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வருவதைப் பார்த்த பிறகுதான் கண்ணாடியில் புகை தெரிந்தது. செடியை விட்டு வெளியே போய்விடலாம் என்று ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். அடியில் சிக்கியிருந்த கொத்து எரிந்தபடியே கூட வந்து, போன வழியெல்லாம் பற்றவைத்துவிட்டது.

நிறுத்தியதும் அண்ணன் தரையில் படுத்து, வெறுங்கையால் அந்தக் கொத்தைப் பிடித்து இழுத்தார். "நீ நவுருடா, தள்ளிப் போடா" என்று என்னைத்தான் விரட்டிக்கொண்டிருந்தார். மண்ணை வாரிப் போட்டு வண்டியில் பிடித்த தீயை அணைத்தோம். உளுந்தை அணைக்க ஆளும் போதவில்லை, நேரமும் இல்லை. விதைக்குக்கூட மிஞ்சவில்லை. அன்று மழையும் வரவில்லை.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அவருடைய வெந்த கைகளுக்குக் கட்டுப் போட்டார்கள். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, அழுது, எப்படியாவது முடிந்திருக்கும்.

இந்த வருடம் போன் வரவில்லை. உளுந்து அறுக்கும் மாசி முடிந்தும் வரவில்லை. பொறுக்க முடியாமல் நானே போனேன். விளக்கு எரியவில்லை, வண்டி சூடாகவும் இல்லை. ஏரிக்கரையில் உளுந்து பரப்பியிருந்தது. எதிரே வந்த டிராக்டரை அண்ணன் கை காட்டி மேலே ஏறச் சொன்னார். யாரோ ஒருவரின் காரையும் ஏறச் சொன்னார். பிறகு என் வண்டியைப் பார்த்தார்.

சரியாக மடங்காத விரல்களால் குச்சியைப் பிடித்து, ஓரமாக இருந்த செடியை மெதுவாக ஒதுக்க ஆரம்பித்தார். நான் கண்ணாடியை இறக்கி, "அண்ணா" என்றேன். அவர் நிமிரவில்லை. என் சக்கரம் ஒரு காயைக்கூடத் தொடாமல் போகும் அளவுக்கு வழி விட்டுவிட்டு, தள்ளி நின்றார்.