இடுப்பு வலியும் ராலி காரும்

விருதுநகரில் நான் மெக்கானிக்காக இருந்தபோது, சிவகாசிப் பட்டாசுக் கம்பெனி முதலாளி ஒருவர் தன் காரை ராலிப் பந்தயத்துக்குத் தயார் செய்யக் கொண்டுவந்தார். வெள்ளை வேட்டி கட்டிய பருத்த மனிதர். வரும்போதெல்லாம் டிக்கியை இரு கைகளாலும் அமுக்கி, எவ்வளவு குலுங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பேசுவார். பின்பக்கம் போட்டிக்கான கெட்டி ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாட்டிக் கொடுத்தேன். மறுநாளே திரும்பி வந்தார்.

"ரொம்பக் குலுக்குதுப்பா. பழசையே மாட்டிரு."

"ராலில பின்சீட்டுல யாரு அண்ணாச்சி உக்காரப் போறாக?"

"வீட்டுக்காரிக்கு இடுப்பு வலிப்பா. கோயிலுக்கு இதுலதான போறா."

கழற்றினேன். மறுபடி மாட்டச் சொன்னார். மறுபடி கழற்றச் சொன்னார். எனக்கு வெறுத்துப்போனது.

ஸ்பேனரைக் கீழே போட்டேன். "ராலியா, கோயிலா? ஒண்ணைச் சொல்லுங்க!"

"ரெண்டுந்தான்" என்றார்.

பழைய ஸ்பிரிங்கோடே ராலிக்குப் போனார். நானும் பார்க்கப் போயிருந்தேன். முதல் மேட்டிலேயே பின்பக்கம் தரைதட்டி வண்டி நின்றுவிட்டது. திட்டுவதற்காகவே ஓடினேன். அவர் புழுதியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"நேத்து வீட்டுக்காரி இதுல கோயிலுக்குப் போய்ட்டு வந்தா. வலியே இல்லேன்னுட்டாப்பா!"

திட்ட வந்த நானும் அவரோடு சிரித்துவிட்டேன். இப்படியும் ஒரு மனிதரா என்று இன்றும் தோன்றுகிறது.