முன் இருக்கையில் இருவர்

சூசன்னா அக்கா காலமான செய்தியை எங்கள் சபைத் தம்பி விக்டர்தான் தொலைபேசியில் சொன்னார். மலேசியாவில், எங்கள் மாசாய் ஊர்ச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். "அக்கா போயிட்டாங்கண்ணே. மேரி அக்கா பக்கத்துலயே இருந்தாங்க" என்றார். துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது நிம்மதி. மேரி, சூசன்னா அக்காவின் நாத்தனார். இருவரும் பேசாமலே ஒருவர் போய்விடுவாரோ என்று எங்கள் சிறிய தமிழ்ச் சபை ஒரு காலத்தில் பயந்திருந்தது.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வார நாள்களில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற தம் வேனில், ஞாயிறுதோறும் எங்களை ஆலயத்துக்கு அழைத்து வந்தவர் அவர். தொழிற்சாலையில் இரவு வேலை முடித்தவர்கள் சீருடையோடே ஏறுவார்கள். வேனில் ஒரே ஒரு சட்டம். சபையில் எந்த இருவருக்குள் பேச்சு நின்றதோ, அவர்கள் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் சேர்ந்து உட்கார வேண்டும்.

வாசலில் கார் நிறுத்தும் தகராறில் அண்டை வீட்டுக்காரர்களான ஜோசப்பும் தேவராஜும் முறைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது.

"நான் பின்னால உட்கார்றேன்க்கா" என்றார் ஜோசப்.

"பின்னால இடம் இல்ல லா."

"அவ்வளவு சீட்டு காலியா இருக்கே?"

"அது பேசிக்கிறவங்களுக்கு."

இதைப் பற்றி ஒருமுறை அக்காவிடம் கேட்டேன். "தனியா பரிசுத்தமா இருக்கிறது கஷ்டமில்ல தம்பி. கதவப் பூட்டிக்கிட்டா போதும். நாலு பேரோட இருந்து பாருங்க" என்றார்.

பிறகு அவருடைய கணவர் மாரடைப்பில் இறந்தார். துக்க வீட்டில் எல்லார் முன்னிலையிலும் மேரி, "அண்ணி முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா எங்கண்ணன் பிழைச்சிருப்பாரு" என்றார். வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவர் கணவர், கெஞ்சியவர் அக்கா.  ஆலயத்தில் அப்பம் வாங்கும் அடுத்த திருவிருந்துக்கு அக்கா எழுந்து போகவில்லை. அதற்கடுத்ததற்கும் போகவில்லை. போதகர் காரணம் கேட்டார்.

"மன்னிச்சிட்டேன்னு வாய் சொல்லுது பாஸ்டர். உள்ளுக்குள்ள இல்ல. பொய் சொல்லிட்டு எப்படிக் கை நீட்டுறது?"

மேரி பேருந்தில் வரத் தொடங்கினார். முன் இருக்கைச் சட்டத்தை அக்காவிடமே எடுத்துச் சொல்லும் தைரியம் எங்களில் யாருக்கும் இல்லை.

புற்றுநோய் வந்து வேனை ஓட்ட முடியாமல் போனபோது சாவியை விக்டரிடம் கொடுத்தார். ஜொகூர் பாருவுக்குச் சிகிச்சைக்குப் புறப்பட்ட முதல் நாள், விக்டர் முன் கதவைத் திறந்தார். உள்ளே மேரி உட்கார்ந்திருந்தார்.

"இது யார் வேன்?" என்றார் அக்கா.

"உங்க வேன்தான். சட்டமும் உங்களுதுதான்" என்றார் விக்டர்.

"அலமாக்" என்று மலாயில் அலுத்து முனகிக்கொண்டே ஏறினாராம்.

நெடுஞ்சாலையில் கடும் நெரிசல்.  பாதி வழியில் மேரி சொன்னார்: "அண்ணன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா அண்ணி? தெரிஞ்சேதான் சொன்னேன். யார் மேலயாவது பழியப் போடணும் போல இருந்துச்சு."

 "பெல்ட்டப் போடு. முன்னால போலீஸ் நிக்கிறாங்க" என்றார் அக்கா. போலீஸ் யாரும் நிற்கவில்லை என்கிறார் விக்டர்.

அதன்பின் ஒவ்வொரு சிகிச்சைக்கும் மேரி கூடப் போனார். அடுத்த திருவிருந்தில் இருவரும் ஒருவரையொருவர் தாங்கியபடி முன்னே நடந்தார்கள். அன்று எங்கள் பாட்டு கொஞ்சம் தடுமாறியது.

அடக்கத்துக்குப் புறப்பட்டபோது எல்லாரும் வேனின் பின்பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். மேரி, தேவராஜின் மனைவியின் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"யாராச்சும் முன்னால வாங்களேன்" என்றார் விக்டர்.

"எதுக்கு? நாங்கல்லாம் பேசிக்கிட்டுத்தானே இருக்கோம்" என்றார் ஜோசப்.

வேனே சிரித்தது. மேரியும் சிரித்துவிட்டார். கல்லறைத் தோட்டம் வரை அந்த இருக்கை காலியாகவே போனது.

போய் வாருங்கள், அக்கா. அதை அப்படியே காலியாக வைத்திருக்கப் பார்க்கிறோம்.